புது லாயத்துக்கு வந்த குதிரை: முதல் மூன்று வாரம் என்ன செய்வது?

குதிரையைப் புது லாயத்தில் கொண்டுவந்து விட்டதும் அது கனைக்கும், சுற்றிச் சுற்றி நடக்கும், தூரத்தில் ஏதாவது அசைந்தால் காதை விறைத்துக்கொண்டு நிற்கும். முதல்முறை குதிரை வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். என்னைக் கேட்டால், சத்தம் போடும் குதிரையை விட, தண்ணீரைத் தொடாமல் சும்மா நிற்கும் குதிரைதான் கவலைக்குரியது. இடம் எப்படியும் மாறிவிட்டது. அதோடு தீனி, தண்ணீர், வேளை, கூட்டாளி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. கிளம்பும் முன்பே தீனியைக் கட்டுங்கள்

பழைய இடத்தில் தின்ற காய்ந்த புல்லையும் தானியத்தையும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஆகிற அளவு கூடவே எடுத்து வாருங்கள். புல்லைச் செரிக்க வைப்பது குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். தீனி சட்டென்று மாறினால் அவை தடுமாறும், வயிற்றுவலி வரும். அதனால் முதல் இரண்டு நாள் முழுக்கப் பழைய தீனி. அப்புறம் கால் பங்கு புதுசு, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, பிறகு முக்கால். மொத்தம் 7 முதல் 10 நாள். தானியத்துக்கு இதைச் செய்பவர்கள் காய்ந்த புல்லுக்குச் செய்ய மறந்துவிடுகிறார்கள். பசும்புல் மேய்ச்சலும் அப்படித்தான்: பழக்கமில்லாத குதிரையை முதல் நாள் கால் மணி நேரம் விட்டால் போதும்.

பழைய வாளியையும் போர்வையையும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்வையைத் துவைக்க வேண்டாம், அதன் வாடைதான் நமக்குத் தேவை.

2. இறக்கியதும் தலையைத் தாழ்த்த விடுங்கள்

வண்டியில் தலையை உயரக் கட்டியே வந்த குதிரைக்கு மூச்சுக்குழாயில் தூசியும் சளியும் தங்கிவிடும். தலையைக் கீழே போட்டால்தான் அது வெளியேறும். எனவே முதல் புல்லைத் தொங்கும் வலையில் வைக்காமல் தரையில் போடுங்கள். பிறகு கயிற்றில் பிடித்தபடி, வெளிச்சம் இருக்கும்போதே வேலி ஓரமாக ஒரு சுற்று நடத்திக் காட்டுங்கள். வேலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் மிரண்டு ஓடினால் அடிபடும்.

3. தண்ணீர்

நடுத்தர உடம்புள்ள குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 45 லிட்டர் குடிக்கும். புது இடத்தில் தண்ணீரின் ருசி மாறினால் சில குதிரைகள் பிடிவாதமாக வாய் வைக்காது. என் பெட்டைக்குதிரை அப்படித்தான். புத்தம்புது வாளிக்கு மேல் மூக்கை நீட்டி ஒருமுறை ஊதினாள், மேலுதட்டைச் சுருட்டினாள், திரும்பிக்கொண்டாள். மாலை வரை அதே கதை. கடைசியில் வண்டியின் மூலையில் கிடந்த விளிம்பு நசுங்கிய பழைய வாளியில் அதே தண்ணீரை ஊற்றி வைத்தேன். பாதி வாளி காலி.

வாளி பலிக்கவில்லை என்றால் தண்ணீரில் கொஞ்சம் வெல்லப்பாகோ ஆப்பிள் சாறோ கலக்கலாம். கிளம்புவதற்குச் சில நாள் முன்பிருந்தே இதைப் பழக்கினால் இன்னும் நல்லது. பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் இருக்கட்டும். புல்லை நனைத்துக் கொடுத்தாலும் கொஞ்சம் நீர் உள்ளே போகும். தானே நிரம்பும் தொட்டி இருந்தாலும் முதல் வாரம் வாளியில் வையுங்கள். எவ்வளவு குடித்தது என்று தெரிய வேண்டுமே.

4. லத்தியை எண்ணுங்கள்

சிரிக்க வேண்டாம், இதை விட நம்பகமான தகவல் கிடையாது. நலமாக இருக்கும் குதிரை ஒரு நாளில் சுமார் 8 முதல் 12 தடவை லத்தி போடும். எண்ணிக்கை நன்றாகக் குறைந்தாலோ, உருண்டைகள் சிறுத்து உலர்ந்திருந்தாலோ, தண்ணீர் போதாமல் இருக்கலாம். கூடவே தரையைக் காலால் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தீனியை ஒதுக்குவது என்று ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

5. இரண்டு மூன்று வாரம் தனி இடம்

மற்ற குதிரைகளைப் பார்க்கலாம், தொடக் கூடாது. வாளி, தூரிகை எல்லாம் தனி. தினமும் காலையும் மாலையும் உடல் வெப்பம் பாருங்கள்: 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சரி. அதைத் தாண்டினாலோ, மூக்கில் சளி வந்தாலோ, தாடைக்கு அடியில் வீங்கினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். தொற்று ஒரு குதிரையோடு நிற்காது.

6. அப்புறம் கூட்டாளிகள்

முதலில் வேலிக்கு இரண்டு பக்கமும் சில நாள். அடுத்து, கூட்டத்திலேயே சாதுவான ஒன்றோடு மட்டும் திடலில் விடுங்கள். புல்லைத் தள்ளித் தள்ளிக் குவியுங்கள், குதிரைகளின் எண்ணிக்கையை விட ஒரு குவியல் கூடுதலாக. காதைப் பின்னால் மடிப்பது, சீறுவது, கொஞ்சம் விரட்டுவது எல்லாம் வழக்கம்தான். ஆனால் ஒரு குதிரை மற்றொன்றை மூலையில் ஒடுக்கி, விடாமல் அடித்தால் பிரித்துவிடுங்கள்.

7. சவாரிக்கு எப்போது?

நாள் கணக்கு வைக்க வேண்டாம். கயிற்றில் நடத்தும்போது தலை தாழ்ந்து, உங்களோடு சேர்ந்து நடக்கிறதா என்று பாருங்கள். இரவில் படுக்கிறதா என்றும் பாருங்கள். நின்றபடியே கண் அயர்ந்தாலும், ஆழ்ந்து தூங்கக் குதிரை படுத்தாக வேண்டும். பயம் இருக்கும்வரை படுக்காது. காலையில் பிடரியிலும் ஒரு பக்க விலாவிலும் துரும்பு ஒட்டியிருந்து, புல்லும் காலியாகியிருந்தால் தூங்கியிருக்கிறது. துரும்பு உடம்பெல்லாம் இருந்து, படுக்கை கலைந்து, புல் அப்படியே கிடந்தால் அது தூக்கம் இல்லை, வலியில் புரண்டிருக்கலாம். அன்று சேணத்தைத் தொடாமல் நேராக நான்காம் படிக்குப் போங்கள்.