மைசூர், பந்திப்பூர் பக்கம் பைக்கில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால் இருக்கும். பந்திப்பூர் காட்டுக்கு முந்தைய ஊரான குண்டுலுபேட்டையில் ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கோவைப் பதிவெண் போட்ட நாலு பைக்குகள் வந்து நின்றன. ஏழு பையன்கள். ஹெல்மெட்டைக் கூட கழற்றாமல் ஒருத்தன் மணி பார்த்தான். என் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு அவர்களே பேச்சுக் கொடுத்தார்கள்.

"காலையில ஸ்ரீரங்கப்பட்டணம், மத்தியானம் சோமநாதபுரம் பாத்தாச்சுங்கண்ணா. ஒன்பது மணிக்குள்ள காட்டைத் தாண்டி கூடலூர் போயிரணும். மேப்புல ஒன்றேகால் மணி நேரம்தானுங்க காட்டுது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2014 டிசம்பரில் நான் போட்ட திட்டமும் இதுதான். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இப்போது வாரா வாரம் யாராவது ஒருத்தர் இதையே செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். ஹெல்மெட் போடுங்கள், ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

காட்டைக் கடைசியில் வைப்பது

கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் வழியாக குண்டுலுபேட்டை போகும் ரோட்டில் 2009-லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து கிடையாது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. 9 மணிக்கு மூடுவார்கள் என்று தெரிந்தவுடன், 9 மணி வரை போகலாம் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. அது கேட்டை மூடுகிற நேரம். பைக்குக்கு அந்தக் காடு இருட்டுகிறபோதே மூடிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். மைசூரில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். நான் புல்லட்டில், பின்னால் என் நண்பன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1799-ல் திப்பு விழுந்த இடம், தரியா தௌலத் பாக் மாளிகை, கோயில். அங்கிருந்து சோமநாதபுரம் கோயில். பிறகு மைசூருக்குத் திரும்பி, சாப்பிட்டு, பந்திப்பூரில் மாலை சஃபாரி. அது முடிந்து கூடலூரில் தங்கல். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் 200 கிலோமீட்டர்கூட வராது. நானே ஒரே நாளில் 500 ஓட்டியவன்.

சஃபாரி கிடைத்தது. வனத்துறை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் சுற்றி, காட்டெருமைக் கூட்டம் ஒன்றையும் ஏராளமான மான்களையும் பார்த்தோம். யானை கண்ணில் படவில்லை. வெளியே வந்தபோது மணி 6.40. டிசம்பர் மாதம், ஆறு மணிக்கே சூரியன் போயாகிவிட்டது. ஒன்பதுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று நிம்மதியாக வண்டியைக் கிளப்பினேன்.

அந்த ரோட்டில் வேகத்தடைகள் அடுத்தடுத்து வரும், விலங்குகள் அடிபடாமல் இருக்கப் போட்டவை. பகலில் தூரத்திலேயே தெரியும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணில் அடித்தால், தடை சக்கரத்துக்கு அடியில் வந்த பிறகுதான் தெரியும். இரண்டு தடவை தூக்கிப் போட்டது. ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு லாரி எங்களைக் கடந்து போனதும் ரோடு கும்மிருட்டானது. அந்த இருட்டில் ஒரு பகுதி மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தது. முதலில் வந்தது வாசனை. ஈர மண்ணும் சாணியும் சேர்ந்த மாதிரி. பிறகு காது அடிக்கிற சத்தம், துணியை உதறுவது போல. என் விளக்கு வெளிச்சத்தில் ஒரு யானையின் பின்னங்கால் மட்டும் தெரிந்தது. தோல் சுருக்கத்தில் சேறு காய்ந்திருந்ததுகூட இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில்.

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டேன். வண்டி சரிந்தது. நண்பன் எகிறி ஓரத்துப் புல்லில் விழுந்தான். நான் கையை ஊன்றினேன். மணிக்கட்டில் ஏதோ நொறுங்குவது கேட்டது.

தாய் யானை ரோட்டின் இடது பக்கம், குட்டி வலது பக்கம். ரோட்டைக் கடந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நாங்கள் விழுந்து கிடந்தோம். தாய் ஒரு பிளிறல் பிளிறியது. குட்டி எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு காய்கறி லாரிக்காரர் தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். குட்டி தாயிடம் சேர்ந்து, கூட்டம் உள்ளே போன பிறகுதான் முன்னால் நகர்ந்து வந்து கேபின் கதவைத் திறந்துவிட்டார். "ஏறுப்பா" என்றதோடு சரி. கூடலூர் வரை வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. முன் ஃபோர்க் வளைந்து, ஹேண்டில் திரும்பி, செலவு 23,000 ரூபாய். இதையெல்லாம் மறந்துவிட்டேன். அந்தக் குட்டி சுற்றிச் சுற்றி வந்ததை மறக்க முடியவில்லை. எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போனேனோ, அதன் வழியிலேயே போய் விழுந்தேன். அதனால்தான் யாராவது "ஒன்பது மணிக்குள்ள தாண்டிரலாம்" என்று சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இந்தத் தப்பு ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது? மேப் சொல்வது வண்டி நிற்காமல் ஓடுகிற நேரம். இந்தப் பகுதியிலோ எல்லாவற்றுக்கும் வாசல் உண்டு. மைசூர் அரண்மனை காலை 10 முதல் மாலை 5.30 வரை. சோமநாதபுரம் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, அதுவும் மாலை 5.30-க்கு மூடிவிடும். பேலூர் கோயிலில் பூஜை நடப்பதால் நடுப்பகலில் நடை சாத்துவார்கள். சஃபாரி காலையில் ஒரு தடவை, பிற்பகலில் ஒரு தடவை. ஒரு வாசலில் அரை மணி நேரம் தாமதமானால் அடுத்ததில் ஒரு மணி நேரம் போகும். சேர்ந்த தாமதத்தையெல்லாம் ஈடுகட்ட கடைசியில் மிச்சமிருப்பது ரோடு ஒன்றுதான். அந்தக் கடைசி ரோடு காடாக இருந்துவிடக் கூடாது.

நான் இப்போது இப்படித்தான் போகிறேன். முதல் நாள் கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாக மைசூர், சுமார் 200 கிலோமீட்டர். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள், அங்கேயும் இரவுத் தடை உண்டு, ஆகவே விடிந்த பிறகே பண்ணாரியைத் தாண்டுவேன். இரண்டாம் நாள் காலையில் சோமநாதபுரம், மதியத்துக்குள் குண்டுலுபேட்டை. லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு மாலை சஃபாரி. இரவு அங்கேயே தங்கல். மூன்றாம் நாள் காலை 6 மணிக்கு கேட் திறந்ததும் முதல் வண்டிகளோடு உள்ளே போய், மெதுவாக முதுமலை, கூடலூர், ஊட்டி, வீடு. ஒரு நாள் கூடுதல், ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை. பனி விலகுகிற நேரத்தில் அந்த ரோட்டில் போனவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த ஏழு பேரிடமும் மணிக்கட்டைக் காட்டினேன். சரியாகக் கூடாத எலும்பு இன்னும் மேடாகத்தான் இருக்கிறது. ஐந்து பேர் உடனே ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் மறுநாள் வேலை இருக்கிறது என்று முரண்டு பிடித்தார்கள். அரை மணி நேரம் பேசி, நானே லாட்ஜில் இரண்டு அறை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

யானையைக் கண்டதும் கேமராவை எடுப்பது

பகலிலும் யானை வரும். காருக்குக் கதவு இருக்கிறது, பைக்குக்கு இல்லை. குறைந்தது 50 மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுங்கள். கார், லாரி ஏதாவது இருந்தால் அதற்குப் பின்னால் ஒதுங்குங்கள். எஞ்சினை அணைக்க வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். ஹாரன் கூடாது. முன்னால் போகிறவன் தாண்டிவிட்டான் என்பதற்காக நீங்களும் தாண்ட நினைக்காதீர்கள், இரண்டாவது வண்டியின் பக்கம் யானை திரும்பலாம். காட்டு ரோட்டில் இறங்கி நிற்பதே குற்றம், அபராதம் உண்டு.

சத்தம் போடும் சைலன்சர்

கழற்றிவிட்டு, கம்பெனி சைலன்சரை மாட்டிக்கொண்டு வாருங்கள்.

சஃபாரி என்றால் புலி என்று நினைப்பது

பந்திப்பூர் ஒரு காலத்தில் மைசூர் மகாராஜாவின் வேட்டைக்காடு. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்த்த ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று. புலி இருக்கிறது, அது உங்களுக்காக வந்து நிற்காது. நான் பதினோரு தடவை போய் இரண்டே தடவை பார்த்திருக்கிறேன். புலியைப் பார்க்காத பயணங்களில் ஒரு செந்நாய்க் கூட்டம் மானைச் சுற்றி வளைத்ததைப் பார்த்தேன், அதுவும் குறைந்ததில்லை.

நம் பைக்கை சஃபாரிக்குள் விட மாட்டார்கள். பக்கத்திலுள்ள கோபாலசுவாமி பெட்டா மலை மேலேயும் நம் வண்டி போகாது, அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் ஏற வேண்டும். மனிதர்களை விலங்கு தாக்கிய சம்பவங்கள் நடந்தால் வனத்துறை சஃபாரியையே நிறுத்திவைப்பதுண்டு. கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

பெட்ரோல்

கூடலூரில் நிரப்புங்கள். அந்தப் பக்கமிருந்து வந்தால் குண்டுலுபேட்டையில்.

பெங்களூர்–மைசூர் விரைவுச்சாலையில் ஏறுவது

2023 ஆகஸ்டிலிருந்து பைக்குக்கு அங்கே அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும், நேரம் அதற்கேற்பக் கூடும்.

சிற்பத்தைத் தப்பான வெளிச்சத்தில் பார்ப்பது

பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றும் 2023-ல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. அதற்குப் பிறகு பைக் கூட்டம் கூடியிருக்கிறது. கூட்டமாக வந்து, கோயிலுக்கு முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். மனசு ஆறவில்லை.

ஹொய்சளர் கோயில்கள் மாக்கல்லால் ஆனவை. தோண்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல். அதனால்தான் சிலைகளின் நகைகளில்கூட அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க முடிந்தது. அந்த நுணுக்கம் நேர் வெயிலில் தெரியாது, உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஹளேபீட்டில் சிற்பம் செறிந்திருப்பது மேற்குச் சுவரில். மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் அதன்மீது விழும்போது ஒவ்வொரு உருவமும் கல்லைவிட்டு எழுந்து நிற்கும். பேலூருக்கு, 1117-ல் விஷ்ணுவர்த்தனன் கட்டிய கோயிலுக்கு, காலையிலேயே போய்விடுங்கள். 16 கிலோமீட்டர்தான், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹளேபீடு.

சோமநாதபுரத்தில் சுவரின் அடிவரிசை முழுக்க யானைகள், அதற்கு மேல் குதிரைகள். அங்கே குனிந்து உட்காருங்கள். சிலைகளுக்குக் கீழே மல்லிதம்மா என்று சிற்பியின் பெயர் வெட்டியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த கோயிலில் அதைச் செய்தவரின் பெயரைப் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம்.

ரைடிங் பூட்ஸ் மட்டும் கொண்டுபோவது

சமணத் தலமான சிரவணபெளகொளாவில் விந்தியகிரி மலை ஏற அறுநூறுக்கும் மேற்பட்ட படிகள், பாறையிலேயே வெட்டியவை. வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். பதினோரு மணிக்கு அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. ஒரு தடவை என் கூட வந்தவர் உள்ளங்கால் கொப்பளித்து, மூன்று நாள் கியர் மாற்ற முடியாமல் தவித்தார். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், தடித்த பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பூட்ஸைக் கீழே விடுங்கள், பணம், பத்திரங்களை மட்டும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே 57 அடி உயரக் கோமடேசுவரர் சிலை. எல்லோரும் அண்ணாந்து முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் காலடியையும் பாருங்கள். இந்தச் சிலையைச் செய்வித்தவர் பெயரைக் கன்னடத்தில் வெட்டியிருக்கிறார்கள், அதோடு தமிழிலும். பழைய எழுத்து முறைகளான கிரந்தமும் வட்டெழுத்தும் கலந்து ஒரே வரி: ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்.