அபிமானப் பாடகரின் கச்சேரியில் ஏமாறாமல் இருக்க

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வரியைப் பத்துத் தடவை பாடவைத்து, நன்றாக அமைந்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மேடையில் அந்த வசதி கிடையாது. வயது ஏற மேல்ஸ்தாயி எட்டாமல் போவதால், பழைய பாட்டை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுவதும் வழமை. அது குறையல்ல. ஆகவே டிக்கெட் வாங்க முதல், அண்மைக் கச்சேரி ஒன்றை ரசிகர் எவராவது கைத்தொலைபேசியில் பிடித்திருந்தால் ஒரு பாட்டையாவது முழுதாகக் கேளுங்கள். விளம்பரக் காணொளியை நம்பவேண்டாம், அதன் ஒலி பெரும்பாலும் பிறகு திருத்தப்பட்டது.

பாடகரைவிட இடம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. கொழும்பு சுகததாச உள்ளக அரங்கு விளையாட்டுக்காகக் கட்டியது. உயர்ந்த கூரையும் வெறும் சுவர்களும் உள்ள இப்படியான இடத்தில் ஒலி சுழன்றுகொண்டே இருக்கும். தாளம் குழம்பும், பாட்டு வரி விளங்காது. கலை நிகழ்ச்சிகளுக்கென்றே 2011இல் திறந்த நெலும் பொக்குண போன்ற அரங்கில் இந்தத் தொல்லை குறைவு. திறந்த மைதானத்தில் எதிரொலி இல்லை. ஆனால் கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழைக்கு ஆயத்தமாகத்தான் போகவேண்டும்.

கதிரை தெரிவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். ஆக விலைகூடிய முன்வரிசை ஒலிக்கு நல்ல இடமல்ல. உயரத்தில் தொங்கும் ஒலிபெருக்கிகள் தலைக்கு மேலால் பின்னுக்கு அனுப்ப, முன்னால் இருப்பவருக்கு மேடை ட்ரம்ஸின் சத்தமே முந்திக்கொண்டு வரும். ஓரத்தில் ஒரு பக்க ஒலிபெருக்கிதான் கேட்கும். மேல்மாடத்துக்குக் கீழே ஒலி மங்கும். சவுண்ட் மிக்சர் (எல்லா ஒலியையும் கலந்து அளவாக்கும் கருவி) எங்கே வைப்பார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு, அதற்கு முன்னால் ஐந்தாறு வரிசைக்குள் நடுவில் எடுங்கள். ஒலியைச் சரிபார்ப்பவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்தே அமைக்கிறார். மைதானத்தில் மிகவும் பின்னுக்கு நின்றால், ஒலி 35 மீற்றர் கடக்க ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன் எடுப்பதால், திரையில் வாயசைவுக்குப் பிந்தியே குரல் வரும்.

முதல் இரண்டு பாட்டுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெறும் மண்டபத்தில் சரிபார்த்த ஒலி, சனம் நிரம்பியதும் மாறிவிடும். அதைத் திருத்தக் கொஞ்சம் நேரம் வேண்டும். மூன்றாம் பாட்டிலும் குரல் அமுங்கினால், இடைவேளையில் மிக்சர் அருகே நிற்பவரிடம் உங்கள் வரிசையைச் சொல்லி, "குரல் கேட்கவில்லை, பேஸ் கூடிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். காதடைப்பான் கொண்டுபோவதும் நல்லது. கச்சேரி போன்ற இடங்களின் சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2022இல் வைத்த வரம்பு, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். சாதாரண பஞ்சு அடைப்பான் மேல்ஸ்வரங்களைக் கூடுதலாக அமுக்கும். இசைக்கலைஞர் பாவிப்பது ஒலியைச் சமமாகக் குறைக்கும்.

குரல் சரியில்லை என்பதற்குப் பணம் திரும்பாது. அறிவித்த பாடகர் வரவேயில்லை, விற்ற கதிரை தரப்படவில்லை என்றால் டிக்கெட்டையும் விளம்பரப் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் ஏற்பாட்டாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுங்கள். விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.