வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்புப் பகிர்வு வேலை செய்யாவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் வீட்டின் முன்னறையையே தட்டச்சுக் கடையாகவோ புகைப்பட நிலையமாகவோ நடத்துபவர்களிடம் இன்று இரண்டு மூன்று கணினிகள் இருப்பது வழமையாகிவிட்டது. திருமண வீட்டு வீடியோ கடைக் கணினியில் இருக்கும். அதை வெட்டி ஒட்டும் மடிக்கணினி உள்ளறையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒருவர் பென் ட்ரைவோடு நடந்துகொண்டிருப்பார். அந்தப் பென் ட்ரைவ் எஃப்ஏடி32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு அதில் ஏறவே மாட்டாது. இணையத்தில் ஏற்றி மறுபக்கம் இறக்குபவர்களுக்கோ ஒரே வீடியோவுக்கு டேட்டா இரண்டு தடவை கரைகிறது. ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கும் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள இணையமே தேவையில்லை. சிம் அட்டையில் டேட்டா முடிந்திருந்தாலும் ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும்.

இந்த விளக்கம் விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுக்கானது. பழைய செய்முறைகளில் வரும் ‘ஹோம்குரூப்’ என்ற வசதி 2018இல் வந்த 1803 பதிப்போடு விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அதைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பகிர்வு வேலை செய்யாதபோது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இரண்டு கணினிகளும் உண்மையிலேயே ஒரே வலையமைப்பில் உள்ளனவா? கோப்பை வைத்திருக்கும் கணினி மற்றதை நெருங்க விடுகிறதா? வந்திருப்பவர் யார் என்பதை அது ஏற்றுக்கொள்கிறதா? இந்த ஒழுங்கை மாற்றி, கண்ட கண்ட அமைப்புகளையெல்லாம் ஒரே நேரத்தில் தட்டி விடுபவர்களுக்கு, கடைசியில் வேலை செய்தாலும் எதனால் வேலை செய்தது என்று தெரியாமற் போய்விடும்.

முதற்படி: முகவரியைப் பாருங்கள்

இரண்டு கணினிகளிலும் செட்டிங்ஸுக்குள் சென்று, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பகுதியில் நீங்கள் இணைந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பக்கத்தைத் திறந்தால் ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரி இருக்கும். ஒன்றில் 192.168.8.20 என்றும் மற்றதில் 192.168.8.35 என்றும் இருந்தால், முதல் மூன்று பகுதிகளும் ஒத்திருப்பதால் சரி. ஒன்று 192.168.8 என்றும் மற்றது 192.168.1 என்றும் தொடங்கினால், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனி வலையமைப்பை நடத்துகின்றன என்று பொருள். 169.254 என்று தொடங்கும் முகவரியைக் கண்டால் அந்தக் கணினிக்கு ரவுட்டர் முகவரி கொடுக்கவேயில்லை. கேபிளையும் ரவுட்டரையும் கவனியுங்கள்.

முகவரிகள் ஒத்திருந்தும் கணினிகள் ஒன்றையொன்று எட்டாத நிலை ஒன்று உண்டு. ரவுட்டரின் ‘கெஸ்ட்’ வைஃபையில் ஒரு கணினி இணைந்திருந்தாலோ, ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற தெரிவு இயங்கிக்கொண்டிருந்தாலோ, இணையம் எல்லாருக்கும் கிடைக்கும், ஆனால் கணினிகள் தமக்குள் பேச முடியாது. கடைக்கு வருபவர்களுக்கு வைஃபை கொடுக்கும் இடங்களில் இது நல்ல பாதுகாப்பு. உங்கள் சொந்தக் கணினிகளை மட்டும் முதன்மை வைஃபைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடையையும் வீட்டையும் தகரத்தால் மறித்திருக்கும் இடங்களில் வைஃபை அலை அந்தத் தகரத்தில் பட்டுத் திரும்பிவிடும். கைப்பேசியில் சமிக்ஞை இரண்டு கோடு காட்டினாலும் பெரிய கோப்பு பாதியில் அறுந்து போகும். இத்தகைய இடத்தில் கேபிள் இழுப்பதே என் தெரிவு. எட்டுக் கம்பிகளும் ஒழுங்காகப் பொருத்தப்பட்ட ‘கேட் 5இ’ கேபிள் போதுமானது. நான்கு கம்பிகளை மட்டும் பொருத்தினால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. அந்த வேகத்தில் 20 ஜிபி வீடியோ ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சென்று சேரும். கேபிள் முற்றத்துக்கு மேலாகச் செல்லுமானால் இடி மின்னல் நேரத்தில் இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: ‘பிரைவேட்’ ஆக்குங்கள்

முகவரியைப் பார்த்த அதே பக்கத்தில் ‘நெட்வொர்க் ப்ரொஃபைல்’ என்ற தெரிவு உள்ளது. அது ‘பப்ளிக்’ என்றிருந்தால், வெளியிடத்து வலையமைப்பில் இருப்பதாகக் கருதி விண்டோஸ் கதவைச் சாத்திக்கொள்ளும். கோப்பை வைத்திருக்கும் கணினியில் இதைக் கட்டாயமாகவும், மற்றதிலும் முடிந்தால், ‘பிரைவேட்’ ஆக்குங்கள். ரவுட்டரை மாற்றினாலோ வைஃபை பெயரை மாற்றினாலோ விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாக எண்ணி மீண்டும் ‘பப்ளிக்’ ஆக்கிவிடக்கூடும். நேற்றுவரை வேலை செய்தது இன்று நின்றுவிட்டதென்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பின்னர் ‘அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் இயக்குங்கள். வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதற்கென்று, வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறிக்கும் தீச்சுவர் (ஃபயர்வோல்) ஒன்று இருக்கலாம். அதிலும் வீட்டு வலையமைப்பை நம்பகமானதாகக் குறிக்க வேண்டும். மற்றக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ‘பிங்’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்துப் பதில் வராததால் கேபிள் பழுது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். இந்தப் படி முடியும்வரை விண்டோஸ் தீச்சுவர் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். எனவே அதற்கு முன்னர் செய்யும் பிங் சோதனையால் எதுவும் உறுதியாவதில்லை.

மூன்றாம் படி: கோப்புறையைப் பகிருங்கள்

டி ட்ரைவில் நேரடியாக ஒரு கோப்புறையை உருவாக்கி, அதற்கு ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாமல், குறுகிய பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயரும் வேலை செய்யும். ஆனால் மற்றக் கணினியில் முகவரியைத் தட்டச்சுச் செய்யும்போது விசைப்பலகையை மாற்றி மாற்றி அல்லற்பட நேரும். ‘டெஸ்க்டொப்’, ‘டொக்கியுமென்ட்ஸ்’ போன்ற இடங்களிலிருந்து பகிர வேண்டாம். முழு சி ட்ரைவையும் பகிரவே வேண்டாம்.

கோப்புறைக்கு இரண்டு அனுமதிகள் உண்டு: பகிர்வுக்கானது ஒன்று, வன்தட்டிலுள்ள கோப்புக்கானது மற்றொன்று. படலை திறந்திருந்தாலும் வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாததுபோல, இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். ‘அட்வான்ஸ்ட் ஷேரிங்’ வழியாகப் பகிர்ந்தால் முதலாவது அனுமதி மட்டும், அதுவும் வாசிக்க மட்டுமே, அமையும். தொடக்கநிலையாளர்கள் ‘ஷேரிங்’ தாவலிலுள்ள சாதாரண ‘ஷேர்’ பொத்தானையே பயன்படுத்துவது நல்லது. அதில் பயனரைச் சேர்த்து ‘ரீட்/ரைட்’ கொடுத்தால் இரண்டு அனுமதிகளும் ஒன்றாக அமைந்துவிடும். எந்தப் பயனரைச் சேர்ப்பது என்பது அடுத்த படியில் தெளிவாகும்.

நான்காம் படி: யார் என்று சொல்வது

என்னை மிக நீண்ட நேரம் மறித்து வைத்திருந்த படி இதுதான். ஆகவே விரிவாக எழுதுகிறேன். மடிக்கணினியிலிருந்து கடைக் கணினியைத் திறக்கும்போது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் ஒரு பெட்டி வரும். அங்கே கேட்கப்படுவது வைஃபை கடவுச்சொல் அன்று, உங்கள் மடிக்கணினியின் கடவுச்சொல்லும் அன்று. கோப்பை வைத்திருக்கும் கணினியில் உள்ள ஒரு கணக்கின் கடவுச்சொல். நாள்தோறும் அழுத்தும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. அந்த எண் அந்தக் கணினியின் முன்னால் இருந்து நுழைவதற்கு மட்டுமே உரியது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கையும் விண்டோஸ் வலையமைப்பு வழியாக உள்ளே விடுவதில்லை. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாக இருப்பதால், எதைத் தட்டினாலும் பிழை என்றே வரும்.

இதற்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் தீர்வு, ‘பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்’ என்பதை நிறுத்திவிடுவதாகும். நான் அதை ஏற்பதில்லை. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியும் பிள்ளைகளின் படங்களும் கிடக்கும் கணினியை, வைஃபையில் இணையும் எவருக்கும் திறந்துவிடலாகாது.

அதற்குப் பதிலாக, கோப்பை வைத்திருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு கணக்கை உருவாக்குங்கள். ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் ‘அதர் யூசர்ஸ்’ சென்று, புதியவரைச் சேர்க்கும்போது, அவரின் நுழைவு விவரம் இல்லை என்பதை அழுத்தி, மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியைத் தெரிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் குறுகிய பெயரும் நல்ல கடவுச்சொல்லும் கொடுங்கள். இந்தப் பெயரையே மூன்றாம் படியில் கோப்புறைக்குச் சேர்க்க வேண்டும்.

இனி மடிக்கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளை இட்டு, மற்றக் கணினியின் முகவரியை எழுதுங்கள்; \\192.168.8.20 என்பதைப் போல. இடப்பக்கத்து ‘நெட்வொர்க்’ படத்தை நம்பியிருக்காதீர்கள். அங்கே பெயர் தெரியாவிட்டாலும் முகவரியால் திறக்கலாம். கேட்கும் பெட்டியில் பயனர் பெயராகக் கடைக் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, புதிய கணக்கின் பெயர் என்ற ஒழுங்கில் எழுதி, அதன் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மறுக்கப்பட்டால், முன்னர் சேமித்த தவறான கடவுச்சொல்லை விண்டோஸ் கேட்காமலே அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். மடிக்கணினியின் கன்ட்ரோல் பனலில் ‘க்ரெடென்ஷியல் மனேஜர்’ திறந்து, ‘விண்டோஸ் க்ரெடென்ஷியல்ஸ்’ என்பதன் கீழ் அந்த முகவரிக்கும் கணினிப் பெயருக்கும் உள்ள பதிவுகளை அழித்து, கணினியை மறுபடி தொடக்குங்கள். மறுதொடக்கத்தைத் தவற விடாதீர்கள். பழைய இணைப்பு உயிரோடு இருக்கும்வரை அதே கணினிக்கு வேறு பயனர் பெயரில் செல்ல விண்டோஸ் இடம் கொடுக்காது.

80070035 என்று முடியும் பிழை எண் வந்தால் அது கடவுச்சொல் சிக்கல் அன்று, பாதையே கிடைக்கவில்லை என்பதாகும். முதலிரு படிகளுக்குத் திரும்புங்கள். அதற்குத் தீர்வாக, கோப்புப் பகிர்வுக்கான பழைய நெறிமுறையாகிய ‘எஸ்எம்பி 1’ஐ இயக்கச் சொல்லும் வீடியோக்கள் உலவுகின்றன. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை தாக்குதல் அந்தப் பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகவே பரவியது. அதே ஆண்டின் இறுதியிலிருந்து புதிய விண்டோஸ் 10 நிறுவல்களில் அது இயல்பாக இருப்பதில்லை. இரண்டு பக்கமும் விண்டோஸ் 10 அல்லது 11 ஆக இருக்கும்போது அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

வாசகர்கள் எழுதியதன் பின் சேர்த்தவை

மின்சாரம் நின்று வந்த பிறகு பகிர்வு திறக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ரவுட்டர் மறுபடி தொடங்கும்போது கணினிக்கு வேறு முகவரியைக் கொடுத்துவிடுவதே காரணமாக இருக்கலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘டிஎச்சிபி ரிசர்வேஷன்’ மூலம் கடைக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள். படியெடுக்கும் நடுவில் மின்சாரம் நின்றுவிடும் இடங்களுக்கு, விண்டோஸிலேயே உள்ள, கோப்புகளைப் படியெடுக்கும் ‘ரோபோகொப்பி’ கட்டளையைப் பரிந்துரைக்கிறேன், அதன் ‘ரீஸ்டார்ட்டபிள்’ (/Z) முறையில் இயக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கோப்பு திறக்கிறது, ஆனால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குழப்பமாக வருகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அது பகிர்வின் குறையன்று. ஆவணம் பாமினியில் தட்டச்சாகியிருக்கிறது, திறக்கும் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அதை நிறுவினால் தீரும்.

ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிய வன்தட்டு, விண்டோஸ் 11 ப்ரோவை 24எச்2 பதிப்புக்கு மாற்றியதும் திறக்க மறுப்பதாகவும் ஒரு கேள்வி வந்தது. அந்தப் பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை இயல்பாக மறுக்கிறது. ரவுட்டரில் அந்தத் தட்டுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்து, மென்பொருள் மேம்படுத்தல் இருந்தால் அதையும் செய்து பாருங்கள். அதற்கும் இணங்காத பழைய ரவுட்டர் என்றால், தட்டைக் கழற்றிக் கடைக் கணினியில் செருகி, மேலே சொன்ன முறையில் அங்கிருந்தே பகிருங்கள்.