பேயும் வேண்டும், சண்டையும் வேண்டும், சிரிப்பும் வேண்டும், காசு மட்டும் இல்லை: எங்கே சொதப்புகிறோம்?

சினிமா ஆசையுள்ள நண்பர்கள் கூட்டம் ஒன்று முதல் படத்துக்குக் கதை தேட ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றிப் பேய்ப் படத்தில்தான் வந்து நிற்கும். நட்சத்திரம் தேவையில்லை, ஒரே வீடு போதும், ஐந்தாறு பேர் நடித்தால் போதும். கூடவே நாலு அடிதடி, கொஞ்சம் சிரிப்பு என்று சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் பிடித்துவிடும் என்று கணக்குப் போடுவார்கள். கணக்கு தப்பில்லை. இப்படி எடுத்த படங்களை ஜனங்கள் பத்து முறை பார்க்கிறார்கள், வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால் பயமும் சண்டையும் சிரிப்பும் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடக்கூடியவை. எடுத்து முடித்தபின் மூன்றில் ஒன்றுகூட மிஞ்சாத படங்கள்தான் அதிகம்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, வேண்டுமென்றே மட்டமாக எடுப்பது. "எப்படியும் சுமாராகத்தான் வரும், பேசாமல் சுமாராகவே எடுத்துவிடுவோம், கல்ட் படம் ஆகிவிடும்" என்ற யோசனை பலருக்கு வருகிறது. (ஒரு சின்னக் கூட்டம் வெறித்தனமாகக் கொண்டாடும் படத்தைத்தான் கல்ட் படம் என்கிறோம்.) கல்ட் படம் அப்படி உருவாவதில்லை. 1950களில் எட் வுட் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' இன்றைக்கும் பார்த்துச் சிரிக்கப்படுகிற படம். ஆனால் அந்த மனிதர் அதை முழு நம்பிக்கையோடுதான் எடுத்தார். ஆடும் கல்லறைக்கும், இழுத்துக் கட்டிய பறக்கும் தட்டுக்கும் பின்னால் ஒருவர் உண்மையாகவே ஒரு பெரிய படம் எடுக்க முயன்றிருக்கிறார் என்பது தெரிகிறது. அதனால்தான் சிரிப்பில் ஒரு பிரியமும் இருக்கிறது. போலியாகச் சொதப்பினால் அந்தப் பிரியம் வராது. பார்ப்பவர் ஐந்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

"அப்படியென்றால் ஜப்பானில் வந்த 'ஒன் கட் ஆஃப் த டெட்'?" என்று கேட்பீர்கள். ஷினிச்சிரோ உவேடா இயக்கிய 2017ஆம் ஆண்டுப் படம். செலவு சுமார் 30 லட்சம் யென். ஜப்பானில் மட்டும் 300 கோடி யென்னைத் தாண்டி வசூலித்தது. முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒற்றை ஷாட். அதில் நடிகர்கள் திணறுகிறார்கள், வசனத்தில் காரணமில்லாத இடைவெளி விழுகிறது, கேமரா எங்கோ போய் நிற்கிறது. மோசமான படம்தான் என்று தோன்றும். ஆனால் அந்தச் சொதப்பல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கிறது. பிற்பாதியில் ஒன்றொன்றாக அவிழும்போது அரங்கமே குலுங்குகிறது. (பார்க்காதவர்களுக்காக இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.) அங்கே மட்டமாகத் தெரிவதற்கே ஒத்திகை பார்த்து உழைத்திருக்கிறார்கள். அதைச் சோம்பலுக்குச் சாக்காகக் காட்டக் கூடாது.

அடுத்தது, பேய்க்குச் சட்டம் எழுதாமல் விடுவது. பேய் எதை வேண்டுமானாலும் செய்யும் என்றால் பார்ப்பவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சுவரைத் தாண்டுமா, வெளிச்சத்தில் வருமா, எதற்கு அடங்கும் என்பது தெரிந்தால்தான் "ஐயோ, அந்தக் கதவைத் திறக்காதே" என்று மனம் பதறும். 1985இல் ஹாங்காங்கில் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' படத்தைப் பாருங்கள். கைகளை நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வரும் பிணங்கள். அவை மனிதனின் மூச்சை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். மூச்சை அடக்கினால் தப்பிக்கலாம். இவ்வளவுதான் சட்டம். இதிலிருந்து எத்தனை கிடைக்கிறது பாருங்கள். பிணத்தின் முகம் ஒரு விரற்கடை தூரத்தில் நிற்கிறது, நாமும் நம்மை அறியாமல் மூச்சைப் பிடிக்கிறோம்: பயம். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, இன்னும் எத்தனை நொடி தாங்குவான் என்று தெரியாமல் ஒருவன் முழிக்கிறான்: சிரிப்பு. மூச்சு வெடித்து வெளியே வந்ததும் ஓட்டமும் உதையும்: சண்டை. இந்த ஒரு சட்டத்தை எழுதக் காசு எதுவும் ஆகாது. அதே படத்தில் பிணத்தின் விஷத்தை முறிக்க ஒட்டரிசி வேண்டும். அரிசி வியாபாரி சாதாரண அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறான், வைத்தியம் பலிக்கவில்லை. சட்டம் தெளிவாக இருந்தால் திருப்பங்கள் இப்படித் தானாக வந்து விழும்.

அப்புறம் இந்தக் கிண்டல் வியாதி. பேய் வந்து நிற்கும்போது பாத்திரங்களே அதைப் பார்த்து ஜோக் அடிப்பார்கள். அவர்களுக்கே பயமில்லை என்றால் நமக்கு எதற்குப் பயம்? சிரிப்பு பயத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். நடுங்கியபடி ஒருவன் செய்யும் முட்டாள்தனம் சிரிப்பு. நடுங்காதவன் சொல்லும் பஞ்ச் வசனம் வெறும் சத்தம். 'ஈவில் டெட் 2' (1987) படத்தில் நாயகனின் சொந்தக் கையைப் பேய் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கை தட்டு தட்டாக எடுத்து அவன் தலையிலேயே உடைக்கிறது, தலைமுடியைப் பிடித்து இழுக்கிறது, அவனைத் தூக்கிக் குப்புறப் போடுகிறது. நடித்த புரூஸ் கேம்ப்பெல் ஒரு கணமும் "இது தமாஷ்" என்று நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. உயிருக்குப் போராடுபவனின் வலி முகத்தில் அப்படியே இருக்கிறது. அதனால் கை அவனை அடிக்க அடிக்க நாம் சிரிக்கிறோம், அடுத்து ரம்பத்தை எடுக்கும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. படத்தின் மொத்தச் செலவு முதல் பாகத்தைவிடப் பல மடங்கு என்றாலும், தட்டு உடைக்கும் இந்தக் காட்சிக்கு வேண்டியது ஒரு நடிகன், ஒரு சமையலறை, சில தட்டுகள்.

ஜோக் விழும் இடமும் முக்கியம். பயம் ஏறிக்கொண்டிருக்கும்போது ஜோக் வந்தால் காற்று இறங்கிவிடும், மறுபடி ஏற்ற பத்து நிமிடம் ஆகும். திகில் வெடித்து முடிந்த அடுத்த நொடியில் வந்தால், சாதாரண வசனத்துக்கே ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பேயை முதல் காட்சியிலேயே முழுசாகக் காட்டுவது பணம் உள்ளவர்களே செய்யும் தவறு. பணம் இல்லாதவர்கள் செய்தால் முகமூடியின் தையல் தெரியும். முதல் 'ஈவில் டெட்' (1981) எடுத்தபோது இயக்குநர் சாம் ரெய்மிக்கு இருபது வயதுதான். பட்ஜெட் நான்கு லட்சம் டாலருக்குள். காட்டில் திரியும் தீய சக்தியை அவர் காட்டவே இல்லை. ஒரு மரப்பலகையில் கேமராவைப் பொருத்தி, இரு முனையையும் இருவர் பிடித்துக்கொண்டு மரங்களுக்கிடையே ஓடினார்கள். திரையில் நாமே அந்தச் சக்தியாகி வீட்டை நோக்கிப் பாய்கிறோம். மலிவான கிராஃபிக்ஸ் பேயை அந்த இடத்தில் வைத்துக் கற்பனை செய்து பாருங்கள்.

இருட்டு குறைகளை மறைத்துவிடும் என்ற நம்பிக்கையும் தப்பு. வெளிச்சம் போதாமல் எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. பின்னாலிருந்து வலுவான ஒரே விளக்கு, கொஞ்சம் புகை, இது போதும். ஆளின் உருவம் துல்லியமாகத் தெரியும், பின்னணியின் ஏழ்மை தெரியாது. சண்டையில் அறை எப்படி இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் என்பதை, அறை முழுவதும் தெரியும் ஒரு வைட் ஷாட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் வேகமாக வெட்டலாம். நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் முதல் படமான 'பேட் டேஸ்ட்' (1987) பெரும்பகுதி எடுக்கப்பட்ட கேமராவில் சாவி கொடுத்தால் அரை நிமிடம்தான் ஓடும். அதனால் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடிந்தது. வார இறுதிகளில் நண்பர்களோடு நான்கு ஆண்டுகள் எடுத்தார். வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகளைத் தன் அம்மாவின் சமையலறை ஓவனில்தான் சுட்டெடுத்தார். இரண்டு பாத்திரங்களில் அவரே நடித்து, மலை விளிம்பில் தன்னோடு தானே மோதுகிற காட்சியும் உண்டு. ஒருவருக்குத் தாடி, இன்னொருவருக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் படங்கள்மேல் வரும் ஆசைக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்: "அட, இதை எப்படிடா எடுத்தார்கள்?" என்று கதையோடு கூடவே ஒரு விளையாட்டு மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

ரத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோளப் பாகும் உணவு நிறமியும் பல படங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. 1968இன் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' கறுப்பு வெள்ளை என்பதால் சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது. ஆனால் நிறமி தோலிலும் துணியிலும் லேசில் போகாது. ஒரே சட்டையில் மூன்று வாங்கி வையுங்கள், ரத்தக் காட்சியைக் கடைசி நாளில் வையுங்கள்.

சண்டைப் பயிற்சியாளர் இல்லாமல் ஸ்டண்ட் செய்வதை மட்டும் "தவறு" என்ற சின்ன வார்த்தையில் அடக்க மாட்டேன். 'ஈவில் டெட்' படப்பிடிப்பில் பலருக்கு அடிபட்டது, பேயாக நடித்தவர்களுக்குக் கெட்டியான லென்ஸ் போட்டதில் கண்ணே தெரியவில்லை என்பதெல்லாம் இன்று வீரக் கதையாகச் சொல்லப்படுகிறது. யாருக்கும் பெரிதாக எதுவும் ஆகாமல் தப்பியதால்தான் அது கதை. உயரத்திலிருந்து விழுவது, தீ, ஓடும் வண்டி மூன்றையும் ஸ்கிரிப்டிலேயே அடித்துவிடுங்கள். பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியோடு ஓடுவதற்கு முன் அனுமதி வாங்குங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

மிச்சமிருக்கும் காசையெல்லாம் ஒலியில் போடுங்கள் என்பேன். பெரும்பாலும் எல்லாரும் கேமராவுக்கு வாடகை கொடுத்துவிட்டு, கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்புகிறார்கள். மங்கலான படத்தைப் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற வசனத்தை ஏற்க மாட்டார். 'பேட் டேஸ்ட்' முழுக்கப் பின்னால் ஒலி சேர்த்ததுதான். எலும்பு முறியும் சத்தத்துக்கு ஃபோலி கலைஞர்கள் (படத்துக்கேற்ற சத்தங்களைப் பின்னால் செய்து சேர்ப்பவர்கள்) செலரிக் கீரைத் தண்டை ஒடிப்பார்கள். மண்டை உடைய தர்பூசணி. அடி மெதுவாக விழுந்தாலும் சத்தம் கனமாக விழுந்தால் சண்டை நம்பும்படி இருக்கும்.

நீளம் கடைசித் தவறு, திருத்துவதற்கு எளிதானதும்கூட. 'ஈவில் டெட்' 85 நிமிடம், 'பேட் டேஸ்ட்' 91, 'ஒன் கட் ஆஃப் த டெட்' 96. இரண்டரை மணி நேரத்துக்கு இந்த மூன்று சுவையையும் தாங்க முடியாது. வெட்டி முடித்ததும், படத்தில் வேலை செய்யாத பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். போனை எடுக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே கத்தரி போட வேண்டும். பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்தால் பெரும்பாலும் அந்த ஷாட் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது, முகமூடியை அவர்கள் நிதானமாகப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைக் குறைத்துவிட்டு, அடுத்த வாரம் வேறு பத்துப் பேருக்குக் காட்டுங்கள்.