கண்ணும் காதும் ஒருசேரக் குறைந்தவர்களைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த நான்கு பேரோடு கிராமங்களுக்குப் போனேன். தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்தார்கள். படிவம் நிரப்புவதில் வரும் சறுக்கல்களை விட்டுவிடுகிறேன், நாலு நாளில் பழகிவிடும்.

முழுசாக இழந்தவரை மட்டும் தேடுவது

"உங்க வீட்டில் கண்ணும் தெரியாம, காதும் கேக்காம யாராவது இருக்காங்களா?" இப்படிக் கேட்டால் தெரு முழுக்க 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படிக் கேட்டு, ஓர் ஊருக்கு நேரே பூஜ்ஜியம் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து அதே தெருவில், திண்ணையில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். டீ டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். வளையலைத் தொட்டுத்தான் மருமகளை அடையாளம் கண்டார். "அம்மாவுக்கு மறதி சார், கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க" என்றார் மகன். மறதியே இல்லை. இரண்டு கண்ணிலும் புரை, காதும் மந்தம். கண் முகாமுக்குப் போனவர், பெயரைக் கூப்பிட்டது கேட்காமல் அப்படியே திரும்பியிருக்கிறார். நான் போட்ட பூஜ்ஜியத்தை நம்பி அந்த ஊருக்கு யாருமே போகவில்லை. இப்போதும் யாராவது அந்தக் கட்டத்தில் யோசிக்காமல் பூஜ்ஜியம் போட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

உலகக் காதுகேளாத-பார்வையற்றோர் கூட்டமைப்பின் 2018 அறிக்கை, கடுமையான குறைபாடுள்ளவர்கள் மக்கள்தொகையில் 0.2 சதவீதம் என்றும், மிதமானவர்களையும் சேர்த்தால் சுமார் 2 சதவீதம் என்றும் மதிப்பிடுகிறது. வயது ஏற ஏறத்தான் இந்தக் குறைபாடு கூடுகிறது. முதியவர்கள் பெருகப் பெருக இந்த எண்ணிக்கையும் பெருகும். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைப் பல்வகைக் குறைபாடுகளுக்குள் சேர்த்திருக்கிறது, ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கெனத் தனிக் கட்டம் கிடையாது. அதனால் கேள்வியை மாற்றுங்கள்: எதிரில் நிற்பவர் முகம் தெரிகிறதா? அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கிறதா? இரண்டுக்கும் தயங்கினால் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு ஒரு திட்டம், காதுக்கு ஒரு திட்டம்

சைகை மொழிக்குக் கண் வேண்டும். ஒலிப்புத்தகத்துக்குக் காது வேண்டும். இரண்டும் குறைந்தவருக்கு இப்படித் தனித்தனித் திட்டங்கள் போதாது.

கையைப் பிடித்து இழுப்பது

வேண்டாம். புறங்கையை மெல்லத் தொட்டு, உங்கள் கையை அவர் கைக்குக் கீழே கொடுங்கள். பிடிப்பதா விடுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பிள்ளைகளை மறப்பது

காதுகேளாதோர் பள்ளிக்குப் போனால் விடுதிக் காப்பாளரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இருட்டினால் படியில் தடுமாறுகிற பிள்ளை யாராவது உண்டா? அது அஷர் குறைபாடாக, அதாவது காதோடு கண்ணையும் பாதிக்கும் பரம்பரைக் கோளாறாக, இருக்கலாம். அப்படியானால் பார்வை மெல்ல மெல்லக் குறையும். தொட்டுப் பேசும் சைகையையும் பிரெய்லையும் அதற்கு முன்பே கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டும்.