கைவேலை பழக பழைய வேட்டி போதும்

எம்பிராய்டரி, ஃபேப்ரிக் பெயின்டிங், பிளாக் பிரின்ட் என்று இரண்டு மூன்று கைவேலைகளைச் சேர்த்துப் பழகுகிறவர்கள், அதற்கென்று புதுத் துணி வாங்க வேண்டாம். பலமுறை துவைத்த பழைய காட்டன் வேட்டி ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் போதும்.

புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். அதனால் பெயின்ட் நூலுக்குள் சரியாக இறங்காது, துவைத்தால் மங்கிவிடும். புதுக் காட்டன் முதல் சலவையில் சுருங்கவும் செய்யும்; அப்போது போட்ட பூவேலையும் சேர்ந்து சுருக்கம் விழுந்து நிற்கும். பழைய வேட்டியில் கஞ்சியும் போயிருக்கும், சுருங்க வேண்டியதும் சுருங்கியிருக்கும். வீட்டில் கஞ்சி போடுகிற வேட்டி என்றால் மட்டும் ஒருமுறை வெந்நீரில் அலசிக் காயவைத்துவிடுங்கள். பழகிய துண்டின் ஓரத்திலேயே ஊசி நம்பர், எத்தனை இழை நூல், பெயின்டை இளக்கச் சேர்க்கும் திரவமான மீடியத்தை எவ்வளவு கலந்தீர்கள் என்பதைப் பேனாவால் எழுதி வையுங்கள். சாம்பிள் புத்தகம் தனியாக வேண்டாம்.

கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலைக்கு இது சரிப்படாது. ஃபிரேமில் துணியை முரசுத் தோல் போல இழுத்துக் கட்ட வேண்டும். நைந்த வேட்டி கிழிந்துவிடும். துணி மென்மையாக்கும் திரவம் போட்டு அலசிய துணியில் பெயின்ட் சரியாக ஒட்டாது. அப்புறம், பட்டிலோ பாலியஸ்டரிலோ செய்யப்போகும் வேலையைக் காட்டனில் பழகிவிட்டு நேரே புடவையில் கை வைக்காதீர்கள். தையல்கடையில் அதே ரகத் துணியில் வெட்டுத்துண்டு கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள்.