கர்ப்பத்தில் இரத்தம் கட்டும் நோய்: ஊசியும் மணிக்கணக்கும்

ஆன்டிபொஸ்போலிப்பிட் சின்ட்ரோம் உள்ள பிள்ளைத்தாய்ச்சிக்குக் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டலாம். நஞ்சுக்கொடி பழுதுபட்டுக் கரு கலையலாம். இரத்தப் பரிசோதனை ஒருமுறை பொசிட்டிவ் வந்தால் போதாது, 12 கிழமை கழித்து மறுபடி பார்த்தே உறுதிசெய்வார்கள். அதற்கிடையில் கரு தங்கினால் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் குளிசை குடிப்பவர் நாள் தள்ளிய உடனேயே சொல்லவேண்டும். 6 முதல் 12ஆம் கிழமைவரை அது பிள்ளையின் மூக்கையும் எலும்பையும் கெடுக்கும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வைத்தியர் ஹெப்பரினுக்கு மாற்றுவார், அது பிள்ளையிடம் போகாது.

பெரும்பாலும் தருவது அஸ்பிரின் 75 மி.கி. குளிசை, ஹெப்பரின் வகையான எனொக்சபரின் 40 மி.கி. ஊசி, நாளுக்கு ஒவ்வொன்று. உடல் நிறையையும் முன்பு இரத்தம் கட்டியதா என்பதையும் பார்த்து அளவு மாறும்.

ஊசி போட, சாய்ந்திருந்து தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பக்கவயிற்றுத் தோலை மடித்துப் பிடியுங்கள். ஊசியை நேராக முழுவதும் இறக்கி, மருந்து முடியும்வரை மடிப்பை விடாதீர்கள். முழு சிரிஞ்சும் போடுவதானால் உள்ளிருக்கும் காற்றுக்குமிழியை வெளியேற்றக் கூடாது, மருந்தும் சேர்ந்து சிந்திவிடும். எடுத்தபின் தேய்த்தால் கண்டிப்போகும். இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம். பெட்டியை வெயில் படாமல் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

போட்ட நேரத்தைக் கர்ப்பிணி அட்டையில் தினமும் எழுதுங்கள். பலர் விடுவது இதைத்தான். 40 மி.கி. போட்டு 12 மணித்தியாலம் கழியாமல் முதுகில் மரப்பூசி போடமாட்டார்கள், முள்ளந்தண்டருகே இரத்தம் கசியும் என்ற பயம். பெரிய அளவென்றால் 24. பிரசவ வலி தொடங்கினாலோ நீர்க்குடம் உடைந்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் புறப்படுங்கள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்தவர் மாரி வெள்ளத்துக்கு முன்பே ஊசியைக் கையிருப்பில் வைத்து, நாள் நெருங்கும்போது ஆஸ்பத்திரிக்கு அண்மையில் வந்து தங்குவது நல்லது. ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, மூச்சுத்திணறல், கண் மங்கும் தலையிடி, இரத்தம் போவது: உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

காய்ச்சலென்றால் இன்னும் கவனம். டெங்கில் இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இறங்கும்போது அஸ்பிரினும் ஹெப்பரினும் சேர்ந்தால் இரத்தப்போக்கு வரும். அன்றைக்கே போய், இரண்டையும் எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுரொபன் வேண்டாம், பரசிட்டமோல் போதும்.

பிள்ளை பிறந்தபின் 6 கிழமைவரை ஊசி தொடரும், தாய்ப்பால் கொடுக்கலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடைக் குளிசை இந்த நோய்க்கு ஆகாது. மருத்துவமாதுவிடம் கருப்பையில் வைக்கும் லூப் பற்றிக் கேளுங்கள்.